ஒரு சக்தி தருவோம், கூடவே ஒரு குறையும் வரும்: எதை எடுப்பீர்கள்?

#1 படலைக்காரன்

நேற்று இரவு மழையோடு கரண்ட் போய்விட்டது. வீட்டில் அக்காவின் பிள்ளைகள் மூன்று பேரும் நானும், நடுவில் ஒரு மெழுகுதிரி. ஃபோனில் சார்ஜ் இல்லாத பிள்ளைகளைச் சமாளிப்பது எவ்வளவு பெரிய சோலி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் மூத்தவன் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். ஒரு சக்தி தருவான், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு குறையும் வரும், குறையைக் கழற்றிவிட்டு சக்தியை மட்டும் எடுக்க முடியாது. ஆளுக்கு ஒன்றுதான், எடுத்தால் சாகும்வரை. பதினொரு மணிக்குக் கரண்ட் வந்த பிறகும் நாங்கள் சண்டையை நிறுத்தவில்லை, அக்கா வந்து ஏசின பிறகுதான் படுத்தோம்.

அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒன்றிரண்டை நான் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன்.

மறைதல்: நினைத்த நேரம் மறையலாம். மறைந்திருக்கும்போது உங்களுக்கும் கண் தெரியாது.

பாய்ச்சல்: கண்ணை மூடித் திறந்தால் நினைத்த இடத்தில் நிற்பீர்கள். அந்தத் தூரத்தை நடந்து போயிருந்தால் எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் ஆயுளில் கழியும். உடுத்த உடுப்போடு, தனியாக மட்டும்.

நாளைக்கு நடப்பது இன்றைக்கே தெரியும். அதை ஒருவருக்கும் சொல்லவோ எழுதவோ முடியாது, வாய் கட்டிவிடும்.

மிருகம், பறவை எல்லாவற்றின் பேச்சும் விளங்கும். நிறுத்த வழி இல்லை.

தொலைந்த பொருள் எதுவானாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் திரும்பி வரும். பதிலுக்கு உங்கள் வீட்டில் இருக்கிற ஒன்று போய்விடும். எது போகும் என்று நீங்கள் சொல்ல முடியாது.

கடைசி, சின்னவளுடையது (நாலாம் வகுப்பு): எந்தக் கோடையிலும் உங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் வற்றாது. நீங்கள் அள்ளுகிற அளவுக்குப் பக்கத்து வளவுக் கிணறு உவராகும்.

எதை எடுப்பீர்கள், ஏன்? ஒன்றும் வேண்டாம் என்று தப்ப முடியாது.

#2 கூழ்முட்டை

மறைதல்தான். கண் தெரியாவிட்டால் என்ன, கல்யாண வீட்டுப் பந்தியில் கை தானாக வடைக்குப் போகும்.

#3 பௌதிகவாத்தி

படலைக்காரன், உங்கள் மருமகன் தெரிந்து சொன்னானோ தெரியாமல் சொன்னானோ, மறைதலுக்கு அவன் வைத்தது குறையே இல்லை, இயற்கை விதி. ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்காமல், மடங்காமல், அப்படியே ஊடுருவிப் போக வேண்டும். நாம் எப்படிப் பார்க்கிறோம்? வெளிச்சம் கண்ணுக்குள் போய், வில்லையில் மடங்கி, பின்னாலிருக்கிற விழித்திரையில் விழுந்து அங்கே உறிஞ்சப்படுகிறது. வெளிச்சத்தைப் பிடிக்காத விழித்திரை ஒன்றையும் பார்க்காது. ஆக முழுதாக மறைந்தவன் முழுக் குருடன். உயர்தர வகுப்பில் ஒளியியல் தொடங்குகிற அன்று நான் இதைத்தான் முதலில் கேட்பேன், அதுவரை மேசையில் தலை வைத்துப் படுத்திருந்த பெடியன்களும் எழும்புவார்கள்.

அதோடு, ஓடுகிற சைக்கிள் மறையாது. தின்ற வடை சமிக்கும்வரை மறையாது. நாய்க்கு உங்களைப் பார்க்கவே தேவையில்லை, மணம் போதும்.

#4 கறுத்தக்கொழும்பான்

வாத்தியார், கண் இரண்டையும் மட்டும் மறைக்காமல் விட்டால்?

#5 பௌதிகவாத்தி

விடலாம். ஆனால் கருமணி மட்டும் போதாது. கண் ஒரு இருட்டறை மாதிரி, அதன் சுவர் ஊடுதெரிந்தால் எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் புகுந்து ஒன்றும் விளங்காது. முழு விழி இரண்டும் வெளியே தெரிய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் ஒழுங்கையால் ஐந்தரை அடி உயரத்தில் இரண்டு விழி மிதந்து வருகிறது என்று வையுங்கள்.

#6 கூழ்முட்டை

எங்கள் ஒழுங்கையில் அதற்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது, கொள்ளிவாய்ப் பேய். அடுத்த நாளே ஆள் கூப்பிட்டுக் கழிப்புக் கழித்துவிடுவார்கள். சரி, மறைதல் வேண்டாம்.

#7 ரொறன்ரோக்குளிர்

நான் பாய்ச்சலை எடுப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும். இங்கே காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் அம்மாவுக்கு ஃபோன் எடுப்பேன், அங்கே பின்னேரம் ஐந்தரை, படலையில் யாரோ கூப்பிடுகிற சத்தம், பின்னால் கோயில் மணி, அம்மா "பொறு தம்பி, பால்காரன் வந்திட்டான்" என்று ஃபோனை வைத்துவிட்டுப் போய்விடுவா. அந்த ஐந்து நிமிடத்துக்குள் பாய்ந்து போய் நின்றால் எப்படியிருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

பிறகு கணக்குப் போட்டேன். நன்றாக நடக்கிற ஒருவர் நாளுக்கு 40 கிலோமீற்றர் நடப்பார் என்று வைப்போம். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 13,700 கிலோமீற்றர் (கடலில் எப்படி நடப்பது என்று கேட்காதீர்கள், மருமகன் சொல்லவில்லை). வகுத்தால் 342 நாள். ஒரு பக்கம் மட்டும்! போய்வர இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வருடம் ஒருமுறை என்று பத்து வருடம் போய்வந்தால் 6,840 நாள், பதினெட்டே முக்கால் வருடம். ஐம்பது வயதுக்காரன் பத்துத் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தானென்றால் பதினோராவது பொங்கலுக்கு அவன் படத்துக்குத்தான் மாலை போட வேண்டும்.

மனைவியிடம் கணக்கைக் காட்டினேன். நாலு பேருக்கு ரிக்கற் எடுக்க நீங்கள் செய்கிற இரவு வேலையை இதோடு கூட்டினீர்களா என்று கேட்டா. கூட்டவில்லை.

#8 நாலுமணிப்பூ

ரொறன்ரோ அண்ணை, உங்கள் தூரத்துக்கு அது நட்டம்தான். ஆனால் அதே சக்தியை 2006 ஓகஸ்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். யுத்தத்தால் ஏ9 பாதை பூட்டியாகிவிட்டது. கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று விமானம், இல்லாவிட்டால் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து பஸ். இரண்டுக்கும் முன்னால் ஆமியின் கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி. நான் அப்போது பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம், ஒரு நேர்முகத்துக்குக் கொழும்பு போக வேண்டியிருந்தது. படிவம் கொடுத்து, போய்ப் பார்த்து, நாளைக்கு வா என்று அனுப்பி, திரும்பவும் போய், வரிசையில் நின்று, பேர் வந்த நாளில் நேர்முகம் முடிந்து நாலு நாள்.

உங்கள் கணக்குப்படி கொழும்பு 400 கிலோமீற்றர், பத்து நாள். நான் வரிசையில் கழித்தது பத்து நாளைவிடக் கூட. சக்தி இல்லாமலே ஆயுளில் கழித்தார்கள், போய்ச் சேரவும் இல்லை. அந்த வருடம் ஒருவர் வந்து இந்தப் பாய்ச்சலை நீட்டியிருந்தால் குறை என்னவென்று கேட்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

#9 கூழ்முட்டை

இப்போது என்றால் யாழ்தேவி ரயிலில் ஜன்னல் சீற் கிடைத்தால் போதும்.

#10 குறிகட்டுவான்_கடைசிப்படகு

நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பாய்ச்சல்தான், ரொறன்ரோவுக்கு இல்லை, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு. படகில் ஒரு மணித்தியாலம், சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் அதைவிடக் கூட, சில நாள் படகே இல்லை. நடந்தால் என்று பார்த்தால் இரண்டு மூன்று மணித்தியாலத் தூரம்தான். ஒரு தரம் போக ஆயுளில் மூன்று மணித்தியாலம், பெரிய விஷயமா? இப்போதும் படகுக்குக் காத்திருந்து அதைவிடக் கூடத்தான் போகிறது.

ஆனால் தனியாக மட்டும் என்று போட்டுவிட்டீர்களே, அதுதான் உதைக்கிறது. இங்கே இரவில் ஒருவருக்கு வருத்தம் கூடினால்தான் கடலின் அகலம் தெரியும். வருத்தக்காரரை நான் தூக்கிக்கொண்டு பாய முடியாது. டொக்டரைக் கூட்டிக்கொண்டு வரவும் முடியாது. நான் மட்டும் அங்கே போய் நின்று என்ன செய்ய, கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கவா? மருந்தை உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வரலாமா என்று மருமகனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

#11 படலைக்காரன்

கேட்டேன். பைக்குள் அடங்கினால் அது உடுப்பின் பகுதியாம். ஊசி மருந்து சரி, சேலைன் போத்தல் சரியில்லை. இவன் பெரியவனானால் சட்டத்தரணி, வேறொன்றும் இல்லை.

#12 கறுத்தக்கொழும்பான்

எனக்கு நாளைக்கு நடப்பது தெரிகிற சக்தி. சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, சொல்லாமல் லொத்தர்ச் சீட்டு எடுக்கலாம்தானே. வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்று முதல் நாளே தெரிந்தால் ஒரு தோட்டக்காரனுக்கு அதைவிட வேறு வரம் இல்லை. சந்தைக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான் விலை விழும், வீட்டில் வைத்திருந்தால் அடுத்த நாள் ஏறும், அது என்ன ராசியோ.

ஊரில் பெரியவர்கள் சொல்கிற சகாதேவன் கதையும் இதுதான். எல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டான். எதிரி வந்து களப்பலிக்கு நல்ல நாள் கேட்டபோதுகூட சரியான நாளைக் குறித்துக் கொடுத்தவன்.

#13 மருதங்கேணி_மணல்

2004 டிசம்பர் 25 இரவு. நாங்கள் கடற்கரையில் இருந்து கதைத்துவிட்டுப் பத்து மணிக்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனோம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி போல சுனாமி.

அந்த இரவு எனக்குத் தெரிந்திருந்து வாய் கட்டியிருந்தால்? லொத்தர் எடுக்கிறவர்கள் எடுங்கள். எனக்கு அது வேண்டாம்.

#14 பௌதிகவாத்தி

மருதங்கேணி, எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். உண்மையைச் சொல்ல முடியாது என்றுதான் விதி. பொய் சொல்லக் கூடாது என்று இல்லை. அன்றைக்கு விடிய நீங்கள் ஓடி வந்து, கடற்கரையில் குண்டு கிடக்கிறது என்று கத்தியிருந்தால் ஒரு சனம் அங்கே நின்றிருக்காது. நம்முடைய ஊரில் அந்த ஒரு பொய்க்கு மட்டும் யாரும் சாட்சி கேட்டதில்லை.

#15 மருதங்கேணி_மணல்

இதை நான் இருபது வருடத்தில் ஒருநாளும் யோசிக்கவில்லை, வாத்தியார். ஓம், ஓடியிருப்பார்கள். அம்மாவும் ஓடியிருப்பா. நன்றி.

#16 நாலுமணிப்பூ

மருதங்கேணி அண்ணை...

எனக்கு மிருக பாஷை வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைத்துவிட்டு அம்மா காகத்துக்குச் சோறு வைப்பா. காகம் வந்து இரண்டு தரம் கத்திவிட்டுத் தின்னும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "வந்திட்டார்" என்பா. அந்தக் காகம் உண்மையில் "இன்றைக்கும் பூசணிக்காயா" என்று சொன்னது எனக்கு விளங்கினால் நான் என்ன செய்வது?

#17 கூழ்முட்டை

அப்பாவுக்குப் பூசணிக்காய் பிடிக்காது என்றால் அது அப்பாதான் அக்கா.

#18 நாலுமணிப்பூ

பிடிக்காதுதான்!! விசர் மாதிரி இப்போது தனியே இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

#19 துலாக்கால்

எல்லாரும் சின்னவள் சொன்னதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அது கற்பனைச் சக்தி இல்லை பிள்ளைகள். அதை எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கினார்கள். அதன் பெயர் இறைக்கிற மெசின்.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு. எனக்குப் பத்து வயது வரும்வரைக்கும் எங்கள் தோட்டத்துக்குத் துலாதான், ஏற்றம் என்றும் சொல்வார்கள். துலாவில் இரண்டு பேர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள், கிணற்றுக்கட்டில் ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், தோட்டத்துக்குள் ஒருவர் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறுவார், அந்தக் கடைசி வேலை சின்னப் பிள்ளையாக எனக்கு. விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன்னம் முடிக்க வேண்டும். துலாவில் நடக்கிறவர்களுக்குக் கால் களைத்தால் இறைப்பு நிற்கும். அந்த நேரத்தில் கிணறு ஊறும். அதை ஒருவரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, மனிதக் கால் அவ்வளவுக்குத்தான் இழுக்கும்.

மெசினுக்குக் கால் களைக்காது. ஐயா அதை வாங்கி வந்த அன்று ஊரே வந்து பார்த்தது. முதல் வருடம் புகையிலை அப்படி வந்தது. இரண்டு பரப்பு செய்த இடத்தில் ஆறு பரப்பு. எங்கள் தோட்டம் அராலிப் பக்கம், நீரேரிக்குக் கிட்ட. எங்களுக்கும் கடலுக்கும் இடையில் இன்னொரு வளவு, அவர்களுடைய கிணறு அந்த ஒழுங்கைக்கே நல்ல தண்ணிக் கிணறு. ஐந்தாறு வருடம் போயிருக்கும். ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஏதோ அலுவலாகப் போனேன், அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தா. சீனி போட்டிருந்தும் கரித்தது. அவ ஒன்றும் சொல்லவில்லை, நான் குடித்து முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றா. நானும் ஒன்றும் கேட்கவில்லை. பேணியைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஐயாவிடம் சொன்னேன். "எங்கட கிணறு நல்லாத்தானே கிடக்கு" என்றார்.

#20 பௌதிகவாத்தி

துலாக்கால் ஐயா, இதை வகுப்பில் சொல்ல உங்களிடம் அனுமதி கேட்கிறேன். இதற்குப் பின்னாலிருக்கிற கணக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்தால்தான் சின்னவள் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்று விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் நமக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணால் இறங்கி அடியிலிருக்கிற சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு, பொந்துகளுக்குள் நிற்கிறது. அதற்குக் கீழே கடல் தண்ணீர், அதே கல்லுக்குள். நல்ல தண்ணீர் பாரம் குறைவு, ஆகவே உவரின் மேல் மிதக்கிறது. நவக்கிரி நிலாவரையில் இதைக் கண்ணாலேயே அறியலாம், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். பாரத்தில் வித்தியாசம் எவ்வளவு? நல்ல தண்ணீர் 1.000 என்றால் கடல் தண்ணீர் 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு விதி வருகிறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் ஒருவரும் 1901இல் ஜெர்மனியில் ஒருவரும் தனித்தனியாக எழுதினார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும்.

நல்ல விஷயம் மாதிரித்தான் இருக்கும், திருப்பிப் பார்க்கும்வரை. மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்து அப்படியே வைத்திருந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறத் தொடங்கும். உடனே இல்லை, மெதுவாக. இறைக்கிறவருக்குக் கயிற்றில் ஒரு அடிதான் கூடத் தெரியும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவருக்கு நல்ல தண்ணீர்ப் படை ஏற்கெனவே மெல்லியது, ஆகவே முதலில் அங்கேதான் கரிக்கும்.

#21 கறுத்தக்கொழும்பான்

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் மெசினை மட்டும் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அப்பா வெங்காயம் செய்து மூன்று பேரைப் படிப்பித்தவர். துலாவோடு நின்றிருந்தால் எங்களில் ஒருவன் துலாவில் நடந்துகொண்டிருப்பான், மற்றவன் பட்டை பிடித்துக்கொண்டிருப்பான். துலா வடிவுதான், படத்தில் பார்க்க. மிதித்தவர்களின் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அதோடு உவருக்கு இறைப்பு மட்டுமா காரணம்? அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் குளம், கேணி இருந்தது, மழைத்தண்ணீர் நின்று இறங்கியது. இப்போது பாதிக் குளம் தூர்ந்து குப்பை மேடு, வளவு முழுக்கச் சீமெந்து போட்டு மழையை வாய்க்காலால் கடலுக்கு அனுப்புகிறோம். இறைக்கிற பக்கம் மட்டும் பேசி, ஊறுகிற பக்கம் பேசாமல் விட்டால் எப்படி? உவர் இல்லாத கிணற்றிலும் உரமும் மலக்குழியும் சேர்ந்து நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது, அதற்கு நாக்கில் சுவையே தெரியாது.

#22 துலாக்கால்

தம்பி சொல்வது சரி. நான் மெசினை விற்கவும் இல்லை, இப்போதும் அதில்தான் இறைக்கிறேன், இப்போது கரண்ட் மோட்டர். முழங்காலுக்கு எண்ணெய் பூசாமல் நித்திரை வராது. தேத்தண்ணி கரித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

#23 படலைக்காரன்

இந்த இழை இந்தப் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். மறைந்தால் எனக்குத்தான் கண் தெரியாது, பாய்ந்தால் எனக்குத்தான் ஆயுள் போகும், வாய் கட்டுவதும் எனக்குத்தான். சின்னவளுடையதில் மட்டும் சக்தி எனக்கு, குறை பக்கத்து வளவுக்கு. மூத்தவன் அன்றிரவே அதை "கள்ளக் குறை" என்று சொல்லித் தள்ளிவிடப் பார்த்தவன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், விளையாட்டே இருக்காது என்றான். நான் மாட்டேன் என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம். சொல்வது லேசு, மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான்.

இன்றைக்குச் சின்னவளைப் பிடித்துக் கேட்டேன், ஏன் அப்படி ஒரு குறை வைத்தாய் என்று. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், பக்கத்து வீட்டு ஜிம்மி இவளுடைய பந்தைக் கடித்துவிட்டதாம். அதுதான் காரணம். ஜிம்மி உவர்த் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

#24 கூழ்முட்டை

பக்கத்து வீட்டுக்காரனும் அதே சக்தியை எடுத்தால்? என் கிணறு வற்றாது, உவராகாது. அவனுடையதும் அப்படித்தான். ஆனால் நான் அள்ளினால் அவனுக்கு உவர், அவன் அள்ளினால் எனக்கு உவர். வாத்தியார் பதில் சொல்லவும்.

#25 பௌதிகவாத்தி

கற்பனையில் அது முரண்பாடு, தீர்க்க முடியாது. நிஜத்தில் முரண்பாடே இல்லை, இரண்டு கிணறும் உவராகும்.

#26 ரொறன்ரோக்குளிர்

தொலைந்த பொருள் சக்தியை ஏன் ஒருவரும் தொடவில்லை? எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது யாழ்ப்பாண நூலகம். 1981இல் எரிந்தபோது அங்கே 97,000 வரை புத்தகம், ஏடு என்று இருந்தது. அது திரும்பி வருமென்றால் என் வீட்டில் எது போனாலும் சம்மதம், கார், ரிவி, சோஃபா, எடுத்துக்கொண்டு போகட்டும்.

#27 நாலுமணிப்பூ

ஒரு பொருளுக்கு ஒரு பொருள் என்றால் 97,000 பொருள் வேண்டும் அண்ணை. ஒருவரால் முடியாது, ஆயிரம் வீடு சேர்ந்தால் வீட்டுக்குத் தொண்ணூற்றேழு. எங்கள் வீட்டிலிருக்கிற பிளாஸ்ரிக் டப்பாக்களை மட்டும் எண்ணினாலே வரும், ஆனால் அதுதான் போகும் என்று என்ன நிச்சயம்.

#28 படலைக்காரன்

மூத்தவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, எரித்தது தொலைந்ததில் சேராது மாமா என்றான். ஏன் என்று கேட்டேன். தொலைந்தது என்றால் எங்கேயோ இருக்க வேண்டுமாம்.

#29 கோண்டாவில்மகள்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த விதிப்படி பார்த்தால் எனக்கு அந்தச் சக்திதான்.

1995 ஒக்ரோபர் 30. நான் ஒன்பது வயது. பின்னேரம் லவுட்ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டு போனார்கள், எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் போகச் சொல்லி. மழை. அம்மா பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு உரச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினா, கயிற்றை உள்ளே ஒரு ஆணியில் முடிந்துவிட்டா. நாலைந்து நாளில் வந்துவிடுவோம் என்றுதான். அல்பம் அலுமாரியில் இருந்தது. தண்ணீருக்குள் போட முடியாது, மழையில் கொண்டுபோகவும் முடியாது, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. நாவற்குழிப் பாலத்தடியில் நின்ற சனத்துக்குள் ஒரு அடி வைக்க எத்தனை நேரம் என்று இப்போதும் கால் சொல்லும்.

1996 மே மாதம் திரும்பி வந்தோம். கிணற்றுக்குள் சாக்கு அப்படியே இருந்தது, பாத்திரம் பச்சை பூத்துப்போய், ஒன்றும் குறையவில்லை. அலுமாரியும் இருந்தது, கதவு இல்லாமல். அல்பம் இல்லை. அப்பா 93இலேயே போய்விட்டார். அவருடைய படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டையில் உள்ள ஒன்றுதான், அதில் அவர் யாரையோ கோபிப்பது மாதிரி இருப்பார். கல்யாணப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பாராம். எனக்கு நினைவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

எரிந்ததா, யாராவது எடுத்துக்கொண்டு போனார்களா, எங்கேயாவது ஒரு வீட்டு அலுமாரிக்கு மேல் கிடக்கிறதா, தெரியாது. மூத்தவனின் விதிப்படி அது தொலைந்ததுதான். ஆகவே எடுக்கிறேன். பதிலுக்கு எது போனாலும் சரி என்று எழுதத்தான் வந்தேன், எழுத முன்னம் வீட்டைச் சுற்றி ஒருக்கால் பார்த்தேன். மகனின் முதல் சப்பாத்து ஒன்று ஷோகேசில் இருக்கிறது. அந்த அடையாள அட்டையும் வீட்டில்தான் இருக்கிறது.

#30 ரொறன்ரோக்குளிர்

தங்கச்சி, அம்மாவிடம் கேட்டீர்களா? அல்பம் அவவுடையதுதானே.

#31 கோண்டாவில்மகள்

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

#32 கூழ்முட்டை

(நான் இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.)

#33 கோண்டாவில்மகள்

கேட்டேன். அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. முழுக்கதையும் சொன்னேன், சக்தி, குறை, மருமக்கள், மெழுகுதிரி எல்லாம். கேட்டுவிட்டு, எது போகும் என்று சொல்ல மாட்டினமோ என்றா. மாட்டார்கள் என்றேன். இலையை உருவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தா, பிறகு, "போன கிழமைதான் மோட்டரைத் திருத்தினது, அது போனால் தண்ணிக்கு ஆர் அள்ளுறது" என்றா.

அல்பம் வேண்டாமா அம்மா என்று கேட்டேன். "வேண்டாம் எண்டு நான் சொன்னேனோ, மோட்டர் போனால் என்ன செய்யிறது எண்டுதான் கேட்டனான்" என்று ஏசிவிட்டு எழும்பிப் போய்விட்டா.

#34 துலாக்கால்

மகள், அம்மாவிடம் சொல்லுங்கள், அல்பத்தை எடுக்கச் சொல்லி. மோட்டர் போனால் வந்து துலா போட்டுத் தருகிறேன். பழைய துலாமரம் கொட்டிலுக்குள் கிடக்கிறது, உளுக்கவில்லை. நடக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும், எனக்கு முழங்கால் ஏலாது.

#35 கறுத்தக்கொழும்பான்

நான் வருகிறேன் ஐயா. இன்னும் ஒருவர் வேண்டும்.

#36 கூழ்முட்டை

வடை உண்டென்றால் நானும்.